தொட்டால் திறக்காத இணைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையிலுள்ள ஒரு பயிற்சி மையம் பிடிஎஃப் கோப்பாக அனுப்பிய பாடக்குறிப்பை என் மகள் கைப்பேசியில் திறந்தபோது, ‘முந்தைய வினாத்தாள்களுக்கு இங்கே சொடுக்கவும்’ என்ற வரி நீல நிறத்தில் அடிக்கோட்டுடன் இருந்தது. ஆனால், எத்தனை முறை விரலால் தொட்டாலும் எதுவும் திறக்கவில்லை. முகவரி எழுத்தில் தரப்படாததால், தட்டச்சு செய்து பார்க்கவும் வழியில்லை.

வேளச்சேரியில் பதினைந்து ஆண்டுகளாக ஆவணங்களைத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கித் தரும் எனக்கு, காரணம் உடனே புரிந்தது. வேர்டில் ‘பிரிண்ட்’ கட்டளை கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், தாளில் தெரிய வேண்டிய தோற்றம் மட்டுமே கோப்புக்குள் போகிறது. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் முகவரி விடுபட்டுவிடுகிறது. அதே ஆவணத்தை ‘சேவ் ஆஸ்’ வழியாகப் பிடிஎஃப் ஆகச் சேமித்தாலோ, லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் ‘எக்ஸ்போர்ட்’ செய்தாலோ இணைப்புகள் அப்படியே வேலை செய்யும். 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்டு, 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வடிவத்தில் இணைப்புக்கெனத் தனி ஏற்பாடே உண்டு. அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்புவது இன்னும் மோசம். அது வெறும் படம்.

எனவே, அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் அறிவிக்கையை வெளியிடும் முன் ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் ஒருமுறை தொட்டுப் பார்க்குமாறும், தாளில் எடுத்துப் படிப்பவர்களுக்காக முழு முகவரியையும் அருகிலேயே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.