அறுப்பின் பண்டிகை ஏலம்: சேகர (சபை வட்டார) கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

பண்டிகை முடிந்த மறு ஞாயிறு, காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட வருமானம் இத்தனை லட்சம் என்று ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தீர்கள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். ஆனால் அது ஏலம் கேட்ட தொகை. கையில் சேர்ந்தது எவ்வளவு என்பது பொருளாளருக்குத்தான் தெரியும்.

நம் தென்மாவட்டச் சபைகளில் இது எப்படி நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒருவர் தன் தோட்டத்தின் முதல் வாழைத்தாரைக் கொண்டுவந்து வைக்கிறார். இன்னொருவர் கோழி. மைக் பிடித்தவர் குடும்பப் பெயரைச் சொல்லிச் சொல்லி உசுப்பேற்றுகிறார். ஒரு எலுமிச்சம்பழம் ஐயாயிரத்துக்குப் போகிறது, கைதட்டல் வேறு. கேட்டவர் சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவுக்கு வந்திருப்பார். "போய் அனுப்பி வைக்கிறேன்" என்பார். நோட்டில் பாக்கி ஏறும். அடுத்த வருஷமும் அவர் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஏலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசில்லாதவர் விளைந்ததைக் கொடுக்க, வசதியுள்ளவர் அதைக் காசாக்கித் தருவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு மீதியைக் கொண்டுவந்த அனனியாவிடம் பேதுரு கேட்டது, முழுப் பணத்தையும் ஏன் கொடுக்கவில்லை என்றல்ல. விற்கும் முன்னும் நிலம் உன்னுடையது, விற்ற பிறகும் பணம் உன் வசம்தானே இருந்தது என்கிறார். அனனியாவும் அவன் மனைவியும் ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் கொடுத்துவிட்டு முழுசும் கொடுத்ததாகக் காட்டினதுதான் குற்றம்.

பாக்கி வைத்தவர்களை மட்டும் குறை சொல்வது எளிது. அவர்களாவது கைதட்டலுக்கு மயங்கிக் கேட்டார்கள். வராத பணத்தை வருமானம் என்று நிதானமாக எழுதி, ஆராதனையில் வாசித்தது கமிட்டி.

கணக்கு கேட்டாலே "எங்களைச் சந்தேகப்படுகிறாயா?" என்று முகம் சுளிக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைப் பற்றி 2 கொரிந்தியர் 8இல் பவுல் எழுதுவதைப் பாருங்கள். தீத்துவை மட்டும் அனுப்பாமல், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் இன்னொருவரையும் கூட அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்கவேண்டும் என்கிறார். பவுலே அவ்வளவு பார்த்திருக்கிறார். வரவுசெலவை ஆலய நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதில் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

இன்னொன்று. பண்டிகை அசனம் (சபை விருந்து) முடிந்து ராத்திரி அண்டாக்களைக் கழுவியது யார்? பேட்ஜ் குத்தியவர்கள் இல்லை. கொஞ்சம் வாலிபப் பிள்ளைகளும் நாலைந்து அக்காமாரும்தான். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, அறிவிப்பில் பெயரும் இல்லை. (தயவுசெய்து இதை வாசித்துவிட்டு அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திவிடாதீர்கள். கூட வந்து ஒரு அண்டாவைப் பிடித்தால் போதும்.) ஆதிச் சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே பந்தி விசாரிக்கத்தான் (சாப்பாட்டைக் கவனிக்கத்தான்), முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானும் அதில் ஒருவர்.

மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். அது சேர்ந்து ஊழியத்துக்குப் போகும். எடுத்தார்களா என்று அடுப்பங்கரையில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் பாக்கி என்ற ஒன்றும் கிடையாது. நம் ஊர்களிலும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் ஏலத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட அதற்குக் கிடைப்பதில்லை.

ஆகவே அடுத்த பண்டிகையில் கையில் வந்த பணத்தை மட்டும் வருமானமாக வாசியுங்கள். பாக்கியைப் பெயர் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். உண்மையிலேயே கட்ட முடியாதவரைக் குருவானவர் ஐயா தனியே கூப்பிட்டுப் பேசி, அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்துவிடலாம். பயந்து ஆலயத்துக்கே வராமல் இருப்பதைவிட அது மேல். அப்புறம், மைக் பிடிப்பவர் பொருளின் பெயரை மட்டும் சொல்லட்டும், குடும்பப் பெயர் வேண்டாம்.

இப்படிச் செய்தால் ஏலம் பாதியாகக் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வீர்கள். சரி, பாக்கியைக் கழித்தால் இப்போதே எவ்வளவு நிற்கிறது என்று பொருளாளரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்