கிங் டயமண்டின் முகப்பூச்சை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையில் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு பாடும் ராக் கலைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஹெவி மெட்டல் எனப்படும் உரத்த ராக் இசையைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் எழுத்து வருவதே அரிது என்பதால் முதலில் என் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அக்கட்டுரை பாடகர் கிங் டயமண்டை அமெரிக்கர் என்று குறிப்பிட்டதோடு, பாட்டில் சரக்குக் குறைந்தவர்கள் பயமுறுத்திப் பிழைப்பதற்கு அவரை ஓர் எடுத்துக்காட்டாகவும், பிறரை நகலெடுத்தவராகவும், சாத்தானுக்குப் பலியிடுபவராகவும் காட்டிவிட்டு, ஒரே பத்தியில் கடந்து சென்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிவரும் ஒருவரைப் பற்றிய இந்தத் தீர்ப்பு சரியானதன்று என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அவருடைய குரலும், அவர் சொல்லும் கதைகளும், அவர் போடும் வேடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அவற்றில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து எடைபோட்டால் மூன்றுமே பொருளற்றதாகத்தான் தோன்றும்.

கிங் டயமண்டின் இயற்பெயர் கிம் பெண்டிக்ஸ் பீட்டர்சன். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியில் 1956 ஜூன் 14 அன்று பிறந்தவர். இசைக்குள் முதலில் வந்தது கிட்டார் கலைஞராகத்தான். பாடகரானது அதற்குப் பிறகு. 1975இல் அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் கோபன்ஹேகனில் நடத்திய நிகழ்ச்சியைப் பார்த்தது தம்மை மாற்றியதாக அவரே பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். இங்கிலாந்தின் ஜெனிசிஸ் ராக் குழுவில் பாடிய காலத்தில் பீட்டர் கேப்ரியல் பூண்ட விசித்திரமான வேடங்களும் அவரைக் கவர்ந்தவை. 1981இல் கிட்டார் கலைஞர் ஹாங்க் ஷெர்மனோடு சேர்ந்து மெர்சிஃபுல் ஃபேட் குழுவைத் தொடங்கினார். 1983இலும் 1984இலும் வெளியான அக்குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களும் இன்றுவரை மெட்டல் ரசிகர்களின் இசைச் சேமிப்பில் நீங்காத இடம் பெற்றவை. எளிதில் விற்பனையாகும் மென்மையான ராக் இசையின் பக்கம் ஷெர்மன் நகர விரும்பியதால் 1985இல் குழு கலைந்தது. அதன்பின் தம் மேடைப் பெயரையே குழுவின் பெயராகவும் வைத்துக்கொண்டு கிங் டயமண்ட் புதிய பயணத்தைத் தொடங்கினார்.

கட்டுரையாளர் முழுவதுமாக விட்டுவிட்டது அவருடைய குரலை. ஃபால்செட்டோ எனப்படும் கள்ளக்குரலில் உச்சத்துக்குப் போவது ராக் இசையில் புதிதன்று. டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லனும், ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபர்டும் அவருக்கு முன்பே அந்த உயரத்தைத் தொட்டவர்கள். ஆனால் அவர்கள் பாட்டில் அந்த உச்சம் பெரும்பாலும் ஒரு வரி கொதித்தெழும் இடத்தில் வருவது. கிங் டயமண்டோ அதைப் பாட்டின் எந்த இடத்திலும், முதல் சொல்லிலேயே கூட, வைப்பார். அடுத்த அடியில் அடித்தொண்டையில் உறுமுவார். அதற்கடுத்த அடியைச் சாதாரண நடுக்குரலில் ஒரு கதைசொல்லியின் நிதானத்தோடு சொல்வார். முதன்முறை கேட்பவருக்கு இது கட்டுப்பாடற்ற தாவலாகவே படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் குரல் மாறும் ஒவ்வோர் இடத்திலும் பேசும் பாத்திரம் மாறுகிறது என்பது விளங்கும். ஒரே தொண்டையிலிருந்து கணவனும் மனைவியும் ஆவியும் வருகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் குரலையே பல அடுக்குகளாகப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, ஒரு பாடகர் கூட்டமே பின்னால் நிற்பது போன்ற விளைவை உண்டாக்குவதும் அவருடைய பாணி. இதை மேடையில் அப்படியே கொண்டுவருவது எளிதன்று என்பதால், அண்மைக்கால நிகழ்ச்சிகளில் துணைக்குரல் தருபவர்களுள் ஒருவராக அவருடைய மனைவி லிவியா சீத்தாவும் பாடுகிறார்.

1987இல் வெளியான 'அபிகெய்ல்' ஆல்பத்தை இதற்குச் சான்றாகச் சொல்வேன். ஒரு முழு ஆல்பத்தையும் தொடர்ச்சியான ஒரே பேய்க்கதையாக அவர் அமைத்தது அதில்தான் முதன்முறை. 1845இல் ஜோனதன் என்ற இளைஞன் தன் மனைவி மிரியத்தோடு, தனக்கு வாரிசுரிமையாக வந்த மாளிகைக்குக் குடிவருகிறான், உள்ளே போகாதே என்று ஏழு குதிரைவீரர்கள் எச்சரிக்கிறார்கள், அவன் கேட்கவில்லை. 1777 ஜூலை 7 அன்று அந்த வீட்டின் பிரபு தன் மனைவியைப் படிக்கட்டிலிருந்து தள்ளிக் கொன்றதும், உயிரற்றுப் பிறந்த குழந்தை சவப்பெட்டியில் வைக்கப்பட்டதும் ஒரு கோடைகாலக் கனவு போலத் தொடங்கிய கதைக்குள் மெல்ல மெல்ல வெளிப்படுகின்றன. அந்தக் குழந்தையின் ஆவி இப்போது மிரியத்தின் வயிற்றில் வளர்கிறது. பழைய படிக்கட்டிலேயே மீண்டும் ஒரு மரணம் நிகழ்கிறது. இம்முறை விழுபவன் கணவன். கதை புதுமையானதா என்றால் இல்லை. பாழடைந்த மாளிகையும் பழைய பாவமும் ஐரோப்பியப் பேய்க்கதைகளில் அடிபட்டுத் தேய்ந்தவைதான். அதைச் சொல்லும் முறையில்தான் அவருடைய திறமை இருக்கிறது. ஆண்டி லாராக்கின் கிட்டாரும், பின்னாளில் மோட்டர்ஹெட் குழுவில் புகழ்பெற்ற மிக்கி டீயின் டிரம்ஸும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வேகத்தையும் ஒரு மனநிலையையும் அமைத்துத் தருகின்றன. அந்தக் காட்சிகளுக்குள் குரல் நடிக்கிறது. இப்படிப்பட்ட பாட்டை டெனிம் சட்டை அணிந்துகொண்டு அசையாமல் நின்று பாடியிருந்தால் அதுவே நகைப்புக்கு இடமாகியிருக்கும்.

அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. மனநலக் காப்பகத்திலிருந்து வீடு திரும்பும் பாட்டி, கண்ணுக்குத் தெரியாத விருந்தினர்கள், நள்ளிரவில் நடக்கும் தேநீர் விருந்து ஆகியவற்றைக் கொண்ட அந்தக் கதையை அனுபவிக்கும் சிறுவனின் பெயர் கிங். அதாவது, மேடையில் நாம் பார்க்கும் வெள்ளை முகத்து மனிதனுக்கு அவர் ஒரு குழந்தைப் பருவத்தைப் படைத்துக் கொடுத்தார். 1989இல் அதன் தொடர்ச்சியை எழுதி, வளர்ந்த கிங் சதிக்கு ஆளாகிச் சவப்பெட்டியோடு எரிக்கப்படுவதாக முடித்தார். பாடகர் தம் வேடத்தையே கதைக்குள் அனுப்பி, வளர்த்து, கொன்றும் விடுகிறார். மேடையில் பாட்டி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்படும்போது ரசிகர்கள் எழுப்பும் ஆரவாரம், முன்பின் தெரியாத ஒரு பயமுறுத்தலுக்கான கூச்சலாக எனக்குப் படவில்லை. நாடகத்தில் பழகிய பாத்திரம் நுழையும்போது எழும் வரவேற்பாகவே கேட்கிறது. முகத்தில் அரிதாரம் ஏறிய பிறகு ஆடுபவனைப் பாத்திரத்தின் பெயரால் அழைக்கும் கூத்துமரபை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அவர் பிறரைப் பார்த்து நகலெடுத்தவர் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோலை எடுத்தால் யாரும் தப்பமாட்டார்கள். 1950களிலேயே ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து பாடினார். கையில் மண்டையோடு பொருத்திய கோல் இருக்கும். 1968இல் இங்கிலாந்தின் ஆர்தர் பிரவுன் முகத்தில் வண்ணம் பூசி, தலையில் தீ எரியும் கவசத்தோடு மேடையேறினார். தலைவெட்டும் கருவியான கில்லட்டினையும் பாம்பையும் மேடைக்குக் கொண்டுவந்த ஆலிஸ் கூப்பருக்கும், 1973இல் நியூயார்க்கில் தோன்றிய கிஸ் குழுவுக்கும் இவர்கள் முன்னோடிகள். 1980களின் பிற்பகுதியில், கிங் டயமண்டின் முகப்பூச்சு தம்முடையதைப் போலிருக்கிறது என்று கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் சட்டப்படி எதிர்ப்புத் தெரிவித்ததும், கிங் டயமண்ட் வடிவத்தை மாற்றிக்கொண்டதும் உண்மை. கட்டுரையாளர் இதைக் களவுக்கான சான்றாகக் கொள்கிறார். முகக் கோடுகள் மாறிய பின்னும் அவருடைய பாட்டிலோ மேடையிலோ எதுவும் குறைந்துவிடவில்லை என்பதை நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஒரு குறிப்பிட்ட கோலம் இல்லாமல் கிஸ் குழுவைக் கற்பனை செய்வது கடினம். கிங் டயமண்டோ ஒவ்வொரு காலகட்டத்திலும் கோலத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். மாறாமல் இருந்தவை அந்தக் குரலும், உயரத் தொப்பியும், மனித எலும்புகளைச் சிலுவைபோல் கட்டிச் செய்த மைக் பிடியும்தான். அந்த எலும்புகள் உண்மையானவை என்பது எனக்கும் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. நாடக மேடைக்கு மரத்தால் செய்தவை போதும்.

சாத்தான் வழிபாடு பற்றிய பகுதிக்கு வருகிறேன். அவர் அன்டன் லாவேயின் கருத்துகளைப் பின்பற்றுபவர் என்பதை மறைத்ததில்லை. 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லாவே தொடங்கிய 'சாத்தான் திருச்சபை' என்ற அமைப்பு, சாத்தானை ஓர் உயிருள்ள தெய்வமாக வணங்குவதை அடிப்படையாகக் கொண்டதன்று; தனிமனித விருப்பத்தையும் தன்னுணர்வையும் முன்னிறுத்தும் வாழ்க்கைப் பார்வைக்கு அது அந்தப் பெயரைச் சூட்டியிருந்தது. அந்தப் பார்வையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ஆனால் "சாத்தானுக்குப் பலியிடுபவர்" என்ற தொனியில் எழுதுவது, 1985இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பீதியை அப்படியே திரும்பச் சொல்வதாகும். அவ்வாண்டு டிப்பர் கோர் முதலான வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவியர் நடத்திய பெற்றோர் அமைப்பு, கண்டிக்கத்தக்கவை என்று 15 பாடல்களைப் பட்டியலிட்டது; பிரின்ஸ், மடோனா போன்ற பெரும் புகழ்பெற்றவர்களின் பாடல்களோடு மெர்சிஃபுல் ஃபேட்டின் ஒரு பாடலும் அதில் இடம்பெற்றது. கோபன்ஹேகனிலிருந்து வந்த, அதிகம் பேர் அறியாத ஒரு குழுவுக்கு அமெரிக்காவில் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. செனட் குழு விசாரணையும், ஆல்பங்களின் மேல் ஒட்டப்படும் பெற்றோர் எச்சரிக்கைச் சீட்டும் அந்த இயக்கத்தின் விளைவுகள்.

அவருடைய பணி முழுவதும் ஒரே தரத்தில் இருக்கிறது என்று வாதிடமாட்டேன். 1990களில் டெக்சாஸில் குடியேறி, மீண்டும் கூடிய மெர்சிஃபுல் ஃபேட்டையும் தம் சொந்தக் குழுவையும் ஒரே நேரத்தில் நடத்தியபோது கதைகள் நீர்த்தன. சில ஆல்பங்களை நான் இரண்டாம் முறை கேட்டதில்லை. 2003இல் புடாபெஸ்டைக் களமாகக் கொண்டு எழுதிய பொம்மலாட்டக்காரனின் கதையில்தான் பழைய இறுக்கம் திரும்பியது.

2010 நவம்பர் 29 அன்று அவருக்கு இதய இரத்தக்குழாய்களில் மூன்று மாற்றுவழிகள் அமைக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அத்தோடு அவருடைய மேடை வாழ்வு முடிந்தது என்றே பலரும் நினைத்தோம். புகைபிடிப்பதைக் கைவிட்டார், உடற்பயிற்சியை மேற்கொண்டார், 2011 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா தன் முப்பதாம் ஆண்டு விழாவை நடத்தியபோது பழைய நண்பர்களோடு அந்த மேடையில் ஏறினார். மெட்டாலிகாவுக்கு இவர்மீதுள்ள மதிப்பு புதிதன்று. 1998இல் மெர்சிஃபுல் ஃபேட்டின் ஐந்து பாடல்களை இணைத்துப் பதினோரு நிமிடங்களுக்கு மேல் நீளும் ஒரே தொகுப்பாக அக்குழு பதிவு செய்திருந்தது. 2012இல் ஸ்வீடன் ராக் விழாவில் முழு நிகழ்ச்சியோடு திரும்பினார். 2015இல் 'அபிகெய்ல்' ஆல்பத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை வட அமெரிக்க மேடைகளில் நிகழ்த்தினார். அறுபதை நெருங்கும் வயதில், மார்பைப் பிளந்து செய்த சிகிச்சைக்குப் பின், படிக்கட்டுகளும் மாடமும் கொண்ட மாளிகை அரங்கில் ஏறி இறங்கியபடி அந்த உச்சக்குரலைப் பாடுவதற்கு மூச்சுக்கட்டுப்பாடு எவ்வளவு வேண்டும் என்பதை வாய்ப்பாட்டுப் பயின்ற எவரும் அறிவர். முகப்பூச்சு அதற்கு உதவாது.

1990களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் (ஹெவி மெட்டலின் ஒரு கடுமையான கிளை) குழுக்கள் பிணத்தைப் போல முகத்தை வெளுத்துக்கொண்டதற்கும், ஸ்வீடனின் கோஸ்ட் குழுவில் டோபியாஸ் ஃபோர்ஜ் மண்டையோட்டு முகத்தோடு இனிமையான மெட்டுகளைப் பாடுவதற்கும் பின்னால் இவருடைய நிழல் இருக்கிறது. தங்கள் கட்டுரை அவர்களைப் புதுமையாளர்கள் என்று பாராட்டிவிட்டு, அவர்களுக்கு வழிகாட்டியவரைப் போலி என்று ஒதுக்கியிருப்பது எனக்குப் புரியவில்லை.

கிங் டயமண்ட் டென்மார்க் நாட்டவர் என்ற திருத்தத்தையேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருக்குமானால், மேடை அலங்காரத்தை விட்டுவிட்டு இக்கலைஞர்களின் பாடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு கட்டுரையை வெளியிடலாம். அதை எழுதுபவர் 1987, 1988ஆம் ஆண்டுகளின் ஆல்பங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்