வேர்க்கடலையையும் ஹிப்போகாம்பஸையும் ஒரே ஆள் தலையில் கட்டிய உங்கள் அறிக்கை பற்றிப் புகார்

அனுப்புநர்: நூலகர், தனியார் கல்லூரி ஒன்று, சித்தூர், ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை அலுவலகம்.

பொருள்: ஆய்வாளர் புரொஃபைல் சேவையில் எங்கள் நரம்பியல் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலும் சைட்டேஷன் கணக்கும் (அவர் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) தவறாக வந்தது, திருத்தமும் எழுத்து மூலமான விளக்கமும் கேட்டு.

வணக்கம்.

சந்தா விற்க உங்கள் பிரதிநிதி எங்கள் நூலகத்துக்கு வந்தபோது தமிழில்தான் பேசினார், பில்லும் சென்னை முகவரியிலிருந்துதான் வந்தது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய புகார்களுக்கு "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், தரவு காலப்போக்கில் தானாகச் சீராகும்" என்று ஒரே பதிலைத்தான் ஒட்டி அனுப்புகிறீர்கள். காலப்போக்கில் என்றால் எந்தக் காலம்? பதவி உயர்வுக் கமிட்டி உட்கார்ந்து எழுந்து போயே விட்டது.

விஷயம் எங்கள் உடலியங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவரைப் பற்றியது. கடிதம் பல மேசைகளுக்குப் போகும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை, வாடிக்கையாளர் எண்ணோடு தனியாக அனுப்பியிருக்கிறேன். மேடம் செய்வது நரம்பியல் ஆராய்ச்சி. நீண்ட நாள் மன அழுத்தத்தில் வைத்த எலிகளின் ஞாபகம் என்ன ஆகிறது, மூளையில் ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் என்ன மாறுகிறது என்று பார்ப்பவர். வட்டத் தொட்டியில் பால் பவுடர் கலந்து கலங்கலாக்கிய தண்ணீரில் எலியை விட்டு, அடியில் மறைந்திருக்கும் மேடையை அது எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது என்று ஸ்டாப்வாட்சோடு நிற்பதுதான் அவர் வேலை நாளில் பாதி. ரிச்சர்ட் மோரிஸ் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சோதனை அது, இன்றும் ஞாபக ஆராய்ச்சிக் கூடங்களில் நடக்கிறது. பெரிய ஸ்கேன் இயந்திரமெல்லாம் எங்களிடம் இல்லை. இருப்பதை வைத்து 2008 முதல் 23 கட்டுரை எழுதியிருக்கிறார், எங்கள் அளவு கல்லூரிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த 23ஐ உங்கள் அமைப்பு முதலில் மூன்று ஆளாக உடைத்தது. காரணம் பெயர். மேடம் குடியாத்தத்துப் பெண், சித்தூர் மருமகள். முனைவர் பட்டம் செய்தபோது நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதினார். அப்புறம் வெளிநாட்டு இதழ்கள் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட மறுத்ததால் அப்பா பெயரை முழுசாக அதில் நிரப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே சர்வீஸ் ரெஜிஸ்டரில் கணவர் வீட்டு இண்டிபேரு, அதாவது தெலுங்குக் குடும்பப் பெயர், ஏறி, கட்டுரைகளிலும் அதுவே முன்னால் வந்தது. தமிழனுக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பா, தெலுங்கருக்கு அதே இடத்தில் நிற்பது குடும்பம். இந்த எல்லையில் ஒரே ஸ்டாஃப் ரூமில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அல்காரிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் பி.எச்டி. காலத்துக் கட்டுரை 11 ஒரு ஆளுக்கு, அப்பா பெயரில் 7 இன்னொரு ஆளுக்கு, மீதி 5 மூன்றாவது ஆளுக்கு என்று போயிற்று. அந்த இரண்டாவது ஆள் வேறு யாருமில்லை, மேடத்தின் அப்பா, குடியாத்தத்தில் கைத்தறி நெய்து பிள்ளைகளைப் படிக்கவைத்து, இப்போது உயிரோடு இல்லாத மனிதர். உங்கள் கணக்கில் அவர் ஹிப்போகாம்பஸ் பற்றி 112 சைட்டேஷன் வாங்கிய ரிவ்யூ கட்டுரை எழுதியவர்.

இதெல்லாம் சித்தூரில் மட்டும் வரும் சிக்கல் என்று சொல்லிவிடாதீர்கள். வி.எஸ். ராமச்சந்திரன், கண்ணாடியை வைத்து மாய உறுப்பு வலியை, அதாவது இழந்த கை கால் இருப்பதுபோல் வலிப்பதை, ஆராய்ந்து எழுதியவர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். அவர் பெயரில் வி என்பது விளயனூர், எஸ் என்பது சுப்ரமணியன், ராமச்சந்திரன் என்பதுதான் அவருடைய சொந்தப் பெயர். அது கடைசியில் நின்றதால் பட்டியலில் குழப்பமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கண்ணாடிச் சோதனை பற்றிய 1996 கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதிய மனைவி டயான் ராஜர்ஸ் ராமச்சந்திரனுக்கோ கணவரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக ஆகியிருக்கிறது. உலகம் அறிந்த நரம்பியலாளர் வீட்டிலேயே இப்படி என்றால், பெயர் எழுத்தை மட்டும் நம்பி ஆளைப் பிரிக்கும் மென்பொருளை எந்தத் தைரியத்தில் தென்னிந்தியாவில் விற்கிறீர்கள்?

முதல் புகாருக்கு உங்கள் சப்போர்ட்டில் பேசிய தம்பி சொன்ன யோசனையைக் கேளுங்கள். "மூன்று புரொஃபைலின் எச் இன்டெக்ஸையும் கூட்டிக்கோங்க சார்" என்றார். எச் இன்டெக்ஸ் 4 என்றால், குறைந்தது 4 சைட்டேஷனாவது வாங்கிய கட்டுரை 4 இருக்கிறது என்று பொருள். சரி, கூட்டிப் பார்ப்போம். முதல் ஆளின் சைட்டேஷன் 41, 27, 16, 9, அதற்குக் கீழே 4, ஆகவே எச் 4. அப்பா பெயரில் 112, 33, 13, 6, மற்றவை 5க்கும் கீழே, அங்கேயும் 4. மூன்றாவதில் 19, 11, அப்புறம் 2, ஆகவே எச் 2. கூட்டினால் 10. இப்போது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்குங்கள்: 112, 41, 33, 27, 19, 16, 13, 11, 9, 6. ஒன்பதாவது கட்டுரைக்கு 9 சைட்டேஷன் இருக்கிறது, பத்தாவதுக்கு 6தான், ஆக மேடத்தின் எச் இன்டெக்ஸ் 9. கூட்டினால் 10 வருகிறது, உண்மை 9. எச் இன்டெக்ஸ் கூட்டிக் கழிக்கும் சமாச்சாரமே இல்லை என்பது அதை விற்பவருக்குத் தெரியவில்லை, காசு கொடுத்து வாங்கிய நான் போனில் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகு வந்த "திருத்தம்"தான் பெரிய கூத்து. மூன்று புரொஃபைலையும் ஒன்றாக்கினீர்கள், நல்லது. கூடவே அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட இன்னொருவரையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டீர்கள். அவர் வேளாண் விஞ்ஞானி, வேர்க்கடலையில் வரும் டிக்கா இலைப்புள்ளி நோயைப் பற்றி எழுதுபவர். எங்கள் மாவட்டமே வேர்க்கடலை போடும் மாவட்டம், அந்த ஆராய்ச்சி மேல் எனக்கு மரியாதைதான் உண்டு, ஆனால் அது மேடத்துடையது இல்லை. 23 கட்டுரை 87 ஆனது, எச் இன்டெக்ஸ் 19 ஆனது. "ஆய்வுத் துறைகள்" கட்டத்தில் ஹிப்போகாம்பஸ், மன அழுத்தம், இலைப்புள்ளி, எண்ணெய் வித்துகள் என்று வரிசையாக நிற்கிறது. முதல் கட்டுரை வந்த ஆண்டு 1986 என்று போட்டிருக்கிறீர்கள். அப்போது மேடம் ஒன்றாம் வகுப்பு.

அந்த அறிக்கை உங்கள் தளத்திலிருந்து நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனது, அப்படித்தான் சந்தாவில் ஏற்பாடு. கமிட்டிக்கு வெளியிலிருந்து வந்த நிபுணர் அதைப் புரட்டிவிட்டு, "எலிக்கு வேர்க்கடலை கொடுத்துப் பார்த்தீர்களா அம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை, தன் கையில் இருந்த 23 கட்டுரைப் பட்டியலை எடுத்து மேசை மேல் வைத்தார். ஆனால் அதற்குள் கோப்பில் "எண்ணிக்கை பொருந்தவில்லை, விளக்கம் தேவை" என்று எழுதியாயிற்று. ஊதிப் பெருக்கிய கணக்கு என்றால் யார் ஊதியது என்றுதான் நம் ஆட்கள் முதலில் யோசிப்பார்கள், இயந்திரம் செய்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. அதே நிபுணர் இன்னொரு தாளைத் தூக்கிக் காட்டி, "இதில் உலக அளவில் கீழ் வரிசை என்று இருக்கிறதே" என்றும் கேட்டார். அது பழைய உடைந்த புரொஃபைலில் இருந்து வந்த பிரின்ட். ஒரே மனுஷி ஒரே மேசையில் அளவுக்கு மேல் பெரியவராகவும் அளவுக்குக் கீழே சின்னவராகவும் தெரிந்தார், இரண்டு தாளிலும் உங்கள் லோகோ.

அந்த வரிசை எண் பற்றியும் ஒரு வார்த்தை. எச் இன்டெக்ஸை 2005இல் முன்வைத்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஒரு இயற்பியலாளர். துறைக்குத் துறை எண் மாறும், உயிரியல் பக்கம் அதிகமாக வரும் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். நரம்பியலுக்குள்ளேயே நூறு பேர் கையெழுத்துப் போடும் மூளை ஸ்கேன் கட்டுரையும் இரண்டு பேர் எழுதும் எலிக் கட்டுரையும் ஒரே தராசில் ஏறுவது நியாயமில்லை. மேலும் உங்கள் "தாக்க மதிப்பெண்" கடைசி ஐந்து ஆண்டு சைட்டேஷனை மட்டும் எண்ணுகிறது. எலி குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு வரும்போது மட்டும் ஹிப்போகாம்பஸில் சில செல்கள் விழித்துக்கொள்கின்றன என்று ஜான் ஓகீஃபும் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971இல் எழுதியது ஒரு குட்டிக் கட்டுரை. ஓகீஃபுக்கு நோபல் வந்தது 2014இல். ஐந்து ஆண்டு ஜன்னலில் அதெல்லாம் எங்கே தெரியும்?

இத்தனைக்கும் தீர்வு கையிலேயே இருக்கிறது என்பதுதான் எரிச்சல். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் 2012இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, 16 இலக்கம், பெயர் எப்படி மாறினாலும் ஆள் மாறாது. மேடத்திடம் அந்த எண் இருக்கிறது, அவர் பக்கத்தில் 23 கட்டுரையும் டிஓஐ எண்ணோடு, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்ணோடு, இருக்கிறது. உங்கள் விண்ணப்பப் படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது, நானே நிரப்பினேன். வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் பெயர் எழுத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது இது. பெயரை விட்டுவிட்டு, இணைத்திருக்கும் டிஓஐ பட்டியலை வைத்து ஒவ்வொரு கட்டுரையாக ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். வேளாண் விஞ்ஞானியின் 64 கட்டுரையும் அவரிடமே திரும்பப் போக வேண்டும், அவர் பக்கம் காலியாகக் கிடப்பதை நான் பார்த்தேன், அவருக்கும் ஏதாவது கமிட்டி இருக்கும். முந்தைய இரண்டு அறிக்கையும் உங்கள் தவறால் வந்தவை, பேராசிரியருக்கு அதில் பங்கில்லை என்று லெட்டர்ஹெட்டில், ஒரு மனிதரின் கையெழுத்தோடு, எங்கள் முதல்வருக்குக் கடிதம் வர வேண்டும். மேடத்தின் கோப்பு அந்தக் காகிதத்துக்காகத்தான் காத்திருக்கிறது, ஆகவே மற்றது தாமதமானாலும் அது முதலில் வரட்டும். பதினைந்து நாளுக்குள் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிவு செய்வேன். மெயில்கள், டிக்கெட் எண்கள், இரண்டு அறிக்கையின் நகல் எல்லாம் இதனுடன் இருக்கின்றன.

அடுத்த ஆண்டுச் சந்தாவுக்கான பில்லை மட்டும் தவறில்லாமல், சரியான பெயரில், நாள் தவறாமல் அனுப்பிவிட்டீர்கள். அது என் இழுப்பறையில் இருக்கிறது. முதல்வருக்கான கடிதம் வராமல் அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கணக்கரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நூலகர்