2024-ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை: அட்லாண்டாவைச் சுற்றி ஏரிக்கரை முகாம்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இந்தக் குளிரிலும் குழந்தைகளோடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது குடும்ப முகாம் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டு முழுவதும் உறுப்பினர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: அட்லாண்டாவுக்குப் பக்கத்தில், தண்ணீரை ஒட்டி, கூடாரமும் போடலாம், ஆர்.வி. எனும் வீட்டு வண்டியும் நிறுத்தலாம் என்றிருக்கும் இடம் எது? அந்தக் கேள்வியை ஒட்டியே இவ்வறிக்கையை எழுதியிருக்கிறேன்.

நான்கு முகாம்கள் திட்டமிட்டு மூன்றை நடத்தினோம். ஏப்ரலில் அலடூனா ஏரியின் மக்கின்னி முகாமிலும், ஜூனில் லேனியர் ஏரியின் பால்ட் ரிட்ஜ் கிரீக் முகாமிலும், நவம்பரில் ஸ்டோன் மவுண்டன் பூங்காவிலும் தங்கினோம். செப்டம்பர் இறுதியில் ரெட் டாப் மவுண்டனில் நடக்கவிருந்த முகாம் ஹெலீன் புயலால் கைவிடப்பட்டது. இவற்றைத் தவிர, ஜூலையில் நம் உறுப்பினர்களில் நான்கு குடும்பங்கள் தாமாகவே ஒரு தனியார் ஆர்.வி. பூங்காவுக்குச் சென்றுவந்தன. அது சங்கத்தின் முகாம் அன்று. ஆயினும் அந்த இடத்தைப் பரிந்துரைத்தவன் நான் என்பதால், அதைப் பற்றிய விளக்கமும் என் கடமையாகிறது.

அந்தப் பூங்காவின் விளம்பரப் படத்தில் வண்டிக்குப் பின்னால் ஏரி பளபளத்தது. நேரில் போனபோது வண்டி நிறுத்திய இடத்திலிருந்து தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு சாலையைக் கடந்து, பைன் மரங்களுக்கு நடுவே இறங்கி நடந்தால்தான் கரை வந்தது. முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. குழந்தைகள் ஏரியைக் கேட்டுக்கொண்டே இருந்ததாக ஒரு சகோதரி என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. பிறகு உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்ததும், இது எதிர்பார்த்திருக்க வேண்டிய ஏமாற்றம் என்று புரிந்தது.

வடக்கு ஜார்ஜியாவில் இயற்கை ஏரி என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமே இல்லை. நாம் ஏரி என்று அழைப்பவை எல்லாம் அணை கட்டித் தேக்கிய நீர். எட்டோவா ஆற்றின் குறுக்கே எழுந்த அலடூனா அணை 1950 முதல் மின்சாரம் தருகிறது. சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே புஃபோர்ட் அணை 1956-இல் முடிந்தபின் லேனியர் ஏரி உருவானது. இரண்டையும் கட்டி ஆள்வது அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை. வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் நிலம் எடுத்தபோது, தண்ணீர் நிற்கும் இடத்தோடு நிறுத்தாமல் கரையைச் சுற்றியும் ஒரு பட்டையை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. அணைகளை ஒட்டிப் பூங்காக்கள் அமைக்கும் அதிகாரத்தை 1944-ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படைக்கு அளித்தது. ஆகவே இந்த இரண்டு ஏரிகளிலும் கரையோரம் என்பது பெரும்பாலும் பொதுச் சொத்து. குத்தகை எடுத்து நடத்தும் சில இடங்கள் நீங்கலாக, தனியார் பூங்கா ஒன்று தண்ணீரை ஒட்டியிருக்கிறது என்று சொன்னால், அதைச் சந்தேகத்தோடு கேட்பதே முறை.

இதனால் தேடும் முறையையே நாம் மாற்றிக்கொண்டோம். முதலில் கரை யாருடையது என்று பார்க்கிறோம். இடத்தின் அழகு அதற்குப் பிறகுதான். 2024-இல் பொறியாளர் படை நேரடியாக நடத்தியவை லேனியரில் பால்ட் ரிட்ஜ் கிரீக், சானி, ஓல்ட் ஃபெடரல், டக்கெட் மில் முதலியவை; அலடூனாவில் மக்கின்னி, விக்டோரியா, பெய்ன் முதலியவை. மாநில அரசு நடத்துபவை அலடூனாவில் ரெட் டாப் மவுண்டனும், 2013-இல் திறக்கப்பட்டு லேனியர் கரையின் முதல் மாநிலப் பூங்காவான டான் கார்ட்டரும். மாவட்டம் போன்ற கவுண்டி நிர்வாகம் நடத்துபவை ஃபோர்சைத் கவுண்டியின் ஷேடி குரோவ், ஹால் கவுண்டியின் ரிவர் ஃபோர்க்ஸ் ஆகியவை. கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு ஷேடி குரோவ் வீட்டுக்குப் பின்கட்டு போலத்தான். முதன்முறை டிரெய்லர் இழுப்பவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது. ஏதாவது மறந்துவிட்டால் வீட்டுக்குப் போய் எடுத்துவர முடியும்.

அடுத்தது நீர்மட்டம். மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று நாளிதழில் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று, ஆனாலும் இங்கே வந்தபின் மறந்துபோகிறோம். அலடூனாவின் கோடைக்கால மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 840 அடி. குளிர்கால மழைநீருக்கு இடம் விடுவதற்காக இலையுதிர் காலத்திலிருந்தே திறந்துவிட்டு 823 அடியை ஒட்டி இறக்குகிறார்கள். ஏறக்குறைய பதினேழு அடி என்பது சிறிய வித்தியாசமன்று. கோடையில் கூடாரத்தின் வாசலில் அலையடித்த இடம், ஜனவரியில் சிவந்த சேறும் மரக்கட்டைகளுமாய்க் கிடக்கும். லேனியரில் கோடை மட்டம் 1,071 அடி, குளிர்கால மட்டம் 1,070 அடி. ஒழுங்கான ஆண்டில் கரை அவ்வளவாக விலகாது. வறட்சி வந்தால் மட்டும் கதை வேறு. 2007 டிசம்பரில் அது 1,050.79 அடிக்கு இறங்கியது. படகு இறங்குதளங்கள் தரையில் முடிந்தன. எனவே செயற்குழு இவ்வாண்டு எடுத்த முடிவு, அலடூனாவை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைக்கும், லேனியரை மற்ற மாதங்களுக்கும் வைத்துக்கொள்வது. ஏப்ரலில் மக்கின்னியில் நீர் ஏறிக்கொண்டிருந்த காட்சியைப் பார்த்தவர்கள் இதை ஆதரிப்பார்கள் என்று நம்புகிறேன்.

முன்பதிவு பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இடம் கிடைக்காமல் போவதற்கு இடமின்மையைவிடத் தாமதமே காரணம். பொறியாளர் படையின் முகாம்களுக்கு ரெக்ரியேஷன்.கவ் இணையதளத்தில் ஆறு மாதம் முன்னதாக, நம் நேரப்படி காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. மாநிலப் பூங்காக்களுக்குப் பதிமூன்று மாதம் முன்னதாகவே திறந்துவிடுகிறது. கோடை விடுமுறை வாரயிறுதிகளில் கரையோரத் தளங்கள் அந்தக் காலையிலேயே போய்விடும். தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தை மட்டும் பார்க்காமல், வண்டி நிறுத்தும் பாதையின் நீளம், சரிவு, தண்ணீருக்கு எவ்வளவு அருகில் என்ற விவரங்களைப் படிக்க வேண்டும். பழைய முகாம்கள் பல சிறிய டிரெய்லர்கள் ஓடிய காலத்தில் வெட்டப்பட்டவை. 35 அடி வண்டியை அங்கே பின்னோக்கி ஏற்றுவது மனவுறுதியைச் சோதிக்கும் வேலை. ஜூன் மாதம் ஓர் உறுப்பினர் அதை இருபது நிமிடம் செய்தார்; வழிகாட்டக் கூடி நின்ற எழுவரும் ஏழு திசை காட்டினோம் என்பதையும் பதிவு செய்கிறேன். இனி ஒரு வண்டிக்கு ஒருவர் மட்டுமே கைகாட்டுவார்.

மின்சாரம் பற்றி ஒரு குறிப்பு. ஜூன் முகாமின் இரண்டாம் நாள் காலையில் ஒரு வண்டியில் மூன்று முறை பிரேக்கர் விழுந்தது. குறை தளத்தில் இல்லை. 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட்தான் தரும். குளிர்சாதனம் ஏறக்குறைய 1,500, இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 1,800, வெந்நீர்க் கலன் 1,400 என்று கூட்டினாலே கணக்கு மீறிவிடுகிறது. சட்னிக்கு மிக்ஸி வேறு. 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு மின்வரிசைகளும் சேர்ந்து 12,000 வாட் கிடைக்கும். ஆனால் அடாப்டர் மாட்டி 30 ஆம்ப் வண்டியை அதில் செருகினால் வண்டிக்கு வருவது பழைய 30-தான். காலைச் சமையலைப் பொதுவில் ஒரே கூடாரத்தில் எரிவாயு அடுப்பில் செய்வது என்று அன்றே முடிவு செய்தோம். அதற்குப்பின் பிரேக்கர் விழவில்லை, இட்லியும் நேரத்துக்கு வெந்தது.

கழிவுநீர்க் குழாயையும் சேர்த்துத் தளத்திலேயே முழு இணைப்பு வேண்டுவோர், நகருக்குப் பக்கத்தில் என்றால் ஸ்டோன் மவுண்டனைப் பார்க்கலாம். மற்றவற்றில் பெரும்பாலும் தண்ணீரும் மின்சாரமும் மட்டுமே. கிளம்பும்போது கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் வரிசையில் நிற்க வேண்டும். ஞாயிறு காலை 11 மணிக்கு நிற்பதைவிட எட்டு மணிக்கு நிற்பது நல்லது.

பெற்றோரோடு வருபவர்கள் கவனிக்க: 62 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் மூத்தோர் அனுமதி அட்டை வாங்கலாம், பொறியாளர் படையின் முகாம்களில் அதைக் காட்டினால் தங்கும் கட்டணம் பாதியாகும். அட்டைக்கு உரியவர் உடன் தங்க வேண்டும். பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடையாது என்பதைச் சென்ற ஆண்டு சிலர் தாமதமாக அறிந்தார்கள். மாநிலப் பூங்காக்களில் இந்த அட்டை செல்லாது.

விறகை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஆஷ் மரத்தைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு ஜார்ஜியாவில் 2013-இல் கண்டறியப்பட்டது. அது தொலைவுக்குப் பரவுவது பெரும்பாலும் விறகோடுதான். முகாமிலேயே வாங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரை வடக்கு ஜார்ஜியாவில் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை உண்டு. முகாம் நெருப்புக்கு விலக்கு இருக்கிறது, குப்பை எரிப்பதற்கு இல்லை.

ஜார்ஜியாவின் சட்டப்படி, ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும். கரையில் விளையாடும் குழந்தைக்குச் சட்டம் ஏதும் சொல்லவில்லை, சங்கம் சொல்கிறது. மூழ்கிய பள்ளத்தாக்கின் சரிவுதான் இந்த ஏரிகளின் கரை. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடியில் தரை இருக்காது. ஜூன் முகாமில் எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கி மாட்டியது சிலருக்கு மிகையாகப் பட்டிருக்கலாம். அடுத்த ஆண்டும் அப்படியே மாட்டுவோம்.

செப்டம்பர் 27 முதல் 29 வரை ரெட் டாப் மவுண்டனில் முகாம் இருந்தது. மண்ணில் இரும்புத்தாது மிகுந்து சிவந்திருப்பதால் அந்த மலைக்கு அந்தப் பெயர். குழந்தைகளுக்கு அதைக் காட்டலாம் என்று திட்டமிட்டிருந்தோம். ஹெலீன் வரும் செய்தி கேட்டு இரண்டு நாள் முன்னதாகவே ரத்து செய்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று சிலர் சொன்னார்கள். அட்லாண்டாவில் 48 மணி நேரத்தில் 11.12 அங்குலம் மழை பெய்தது. அதுவரை அந்நகரில் அப்படிப் பதிவானதில்லை. அதற்குப்பின் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் முகாம் குறையின்றி நடந்தது. இரவில் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைக்காத இருவரது குழாய் மட்டும் உறைந்தது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இரண்டு செய்திகள். 2025 தொழிலாளர் தின வாரயிறுதிக்கு, ஆகஸ்ட் 29 வெள்ளி முதல், லேனியரில் தளம் வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசியில் காலை 10 மணிக்குப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு எத்தனை குடும்பங்கள் வரும் என்ற பட்டியல் இன்றே எனக்குத் தேவை. இரண்டாவதாக, அன்று காலை ஒரே நேரத்தில் தனித்தனிக் கணக்கிலிருந்து பதிவு செய்ய நால்வர் முன்வர வேண்டும், ஏனெனில் ஒருவராய் முயன்றால் தளங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் அமைந்துவிடுகின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்