கேம் மோடு என்று சொல்லி என் போனைக் கெடுத்துவிட்டீர்கள்: பழைய பதிப்பைத் தாருங்கள், முடியாவிட்டால் பணத்தைத் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் எதிலும் எழுதலாம் என்று உங்கள் சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். போனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்று முடிக்கிறார். இந்தக் கடிதத்தையாவது யாராவது ஒருவர் கடைசிவரை படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

எந்த மாடல், எந்தப் பதிப்பு என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. புகார் புதிய இயங்குதளத்தைப் பற்றியது, குறிப்பாக அதில் வரும், ஆட்டம் ஆடும்போது போனின் வேகத்தைக் கூட்டும் கேம் மோடைப் பற்றியது. அதற்காகவே 1,299 வெள்ளி கொடுத்து இந்த போனை வாங்கினேன். புதிய இயங்குதளம் இலவசமாக வரும், நொடிக்கு 120 ஃபிரேமில், அதாவது 120 படங்களாக, தடையில்லாமல் ஆடலாம் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தீர்கள். அப்டேட் வந்த இரவே ஏற்றினேன்.

அன்றிலிருந்து மொபைல் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டைத் திறந்து ஓர் ஆட்டம் முடிவதற்குள் போனின் முதுகு கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. உடனே திரை மங்குகிறது, 120 ஃபிரேம் 30க்கு இறங்குகிறது. 120இல் ஒரு ஃபிரேமுக்கு எட்டு மில்லிவினாடி, 30இல் முப்பத்து மூன்று. ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் ஆட்டத்தில் அந்த இடைவெளிக்குள் ஆள் செத்துவிடுவான். கேம் மோடில் வேகத்துக்கான பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், திரையில் எண்ணெய் பூசினாற்போல் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. வேகத்தைக் கூட்டப் படத்தின் தெளிவைக் குறைப்பது ஆண்ட்ராய்டிலேயே இருக்கிற வழி என்பது எனக்கும் தெரியும். தெளிவையும் குறைத்து வேகத்தையும் குறைத்தால் அதற்குப் பெயர் என்ன? கூகுள் 2021இல் ஆண்ட்ராய்டு 12இலேயே கேம் மோடு கொண்டுவந்துவிட்டது. ஐபோனுக்கு 2024இல் ஐஓஎஸ் 18உடன் வந்தது. யாரும் போகாத பாதையில் நீங்கள் போகவில்லை.

உங்கள் கால் சென்டரில் ஒருவர் சிங்கப்பூர் வெயில்தான் காரணம் என்றார். ஏர்கான் அறையில் ஆடச் சொன்னார். இந்த போனை விற்பது சிங்கப்பூரில்தானே? ஆண்டு முழுக்க 31, 32 டிகிரி அடிக்கிற ஊர் என்று விற்கும்போது தெரியாதா?

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஈசூனிலிருந்து ஜூரோங் ஈஸ்டில் உள்ள உங்கள் சேவை நிலையத்துக்குப் போனேன். அரை நாள் விடுப்பு. உங்கள் ஆளே போனில் அங்குதான் வரச் சொன்னார். வரிசை எண் எடுத்து, உட்கார்ந்து, என் எண் வந்ததும் கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த இளைஞர் போனை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கிள், கேமுக்குத்தானே? இதுக்கா லீவு போட்டு வந்தீங்க?" என்றார். பக்கத்துக் கவுண்டர் பெண் சிரித்தார். சாஃப்ட்வேர் பிரச்சினையை இங்கே பார்ப்பதில்லை, கால் சென்டருக்குப் பேசுங்கள் என்று போனை மேசையில் தள்ளிவிட்டார். கால் சென்டர்தானே என்னை அங்கே அனுப்பியது! எனக்கு 44 வயது. கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து நண்பர்களோடு ஒரு மணி நேரம் ஆடுவது என் உரிமை. அதற்கு வயது வரம்பு இருக்கிறது என்று உங்கள் பெட்டியில் போட்டிருக்கவில்லையே.

இன்னொன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டத்தை மூடிய பிறகும் கேம் மோடு அணைவதில்லை. அழைப்பு வந்தால் மணி அடிப்பதில்லை, அதிர்வும் இல்லை. என் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகக் கூ டெக் புவாட் மருத்துவமனையில் விட்டுவிட்டு, முடிந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தேன். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணில் பாவை விரியச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதிரே வரும் பேருந்தின் எண்கூட அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. விழுந்து கையைக் காலை உடைத்திருந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள்? இதையும் அந்தக் கவுண்டர் ஆளிடம் சொன்னேன். "டு நாட் டிஸ்டர்ப் ஆஃப் பண்ணுங்க அங்கிள்" என்றார். அழைப்புகளை அமைதியாக்கும் அந்த வசதி ஆஃபில்தான் இருந்தது. காட்ட வந்தேன், அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்.

பிறகு கால் சென்டர் சொன்னபடி போனில் உள்ளதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தேன். எதுவும் சரியாகவில்லை. ஆனால் வங்கிச் செயலியில் பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கன் போய்விட்டது. மோசடியைத் தடுக்க, புதிய டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும் என்பது 2022 முதல் இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். ரீசெட் செய்யச் சொன்னவர் அதை எச்சரிக்கவில்லை. அன்று வாடகை கட்ட வேண்டிய நாள், என்னால் கட்ட முடியவில்லை. வீட்டுக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அந்த வாரமே எங்கள் சமூக மன்ற மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் அரையிறுதி. லார்ட் என்ற பெரிய அரக்கனை அடிக்கும் நேரத்தில் என் திரை உறைந்தது. மீண்டு வந்தபோது எங்கள் ஐவரில் ஒருவர்கூட மிச்சமில்லை. மாதக்கணக்காகச் செய்த பயிற்சி வீண். அந்தத் தோல்விக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது, பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கிறோம் என்கிறீர்கள். பழைய ஓட்டைகள் வழியே எவனும் நுழையக்கூடாது என்பது புரிகிறது. அப்படியானால் ஏற்றுவதற்கு முன்பே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் போன்களைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், தம்பிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சண்டை போட எனக்கு விருப்பமில்லை. தயவுசெய்து பழைய பதிப்பை ஏற்றித் தாருங்கள், அல்லது வேறு போன் தாருங்கள், இரண்டும் முடியாவிட்டால் முழுப் பணத்தையும் தாருங்கள். அந்தக் கவுண்டர் இளைஞர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012இல் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் கொள்கிறது, இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். சாஃப்ட்வேர் வேறு, போன் வேறு என்று சொல்லாதீர்கள், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விற்றவர்கள் நீங்கள். 14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். அங்கும் ஆகாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், அரசின் சிங்பாஸ் மின்னடையாளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம்.

ரசீது, போன் சூடாகி ஃபிரேம் விழும் காணொளி, அம்மாவின் அழைப்புகள் பதிவான ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசினால் யார் என்ன சொன்னார் என்பதற்குப் பிறகு சாட்சி இருப்பதில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்