ஈசலுக்கு மருந்தடித்துப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் மின்னணு ஆலைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். நிலம், மின்சாரம், தண்ணீர், பயிற்சி பெற்ற ஆட்கள் என்று இத்தொழிலுக்கு வேண்டியவற்றையெல்லாம் விரிவாகப் பேசியிருந்த அக்கட்டுரையில் பூச்சிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் கைப்பேசி உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் பதினான்கு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். விடுபட்டதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆலைகளுக்குள் ‘கிளீன் ரூம்’ எனப்படும் தூய்மை அறைகள் உண்டு. ஐஎஸ்ஓ 14644-1 தரத்தின்படி, ஐந்தாம் வகுப்பு அறையின் ஒரு கனமீட்டர் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் பருமனுள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 3,52,000 வரை இருக்கலாம். தெருவில் நாம் சுவாசிக்கும் காற்றில் இவை கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அதனால்தான் நுண்துகள்களையும் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டிகள் வழியாகவே காற்றை உள்ளே செலுத்தி, அறையின் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டிவைத்து, கதவு திறந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே புகாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இத்தனை காவலையும் மீறிப் பூச்சி எப்படி வரும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உயிரோடு வருவது அபூர்வம். துணுக்குகளாகத்தான் அது வந்து சேர்கிறது.

ஓர் ஆண்டு, வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழை விட்ட மறுநாள் அந்தியில், நான் பணிபுரிந்த ஆலையின் சரக்கு இறக்கும் மேடையில் ஈசல் மொய்த்தது. ஏரிக்கரையும் வயலுமாக இருந்த மண் அது. மேலே கட்டடம் எழுந்தாலும் சுற்றிலும் கறையான் புற்றுகள் இருக்கத்தான் செய்யும். ஷட்டருக்கு நேர் மேலே பளீரென்று ஒரு வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் தண்ணீர் வைத்து விளக்கடியில் ஈசல் பிடித்து வளர்ந்த எங்களில் யாருக்கும் அது புதிய காட்சியாகப் படவில்லை. காலையில் மேடையெங்கும் உமி கொட்டியதுபோல் இறக்கைகள் கிடந்தன. பெருக்கித் தள்ளினார்கள், அத்தோடு மறந்துவிட்டோம்.

ஐந்தாறு நாட்களில் கேமரா பகுதியில் கழிபடும் உருப்படிகள் கூடத் தொடங்கின. காற்றுத் துகளை எண்ணும் கருவி எந்தக் குறையும் காட்டவில்லை. பருமனான துணுக்குகள் காற்றில் மிதக்காமல் விரைவிலேயே படிந்துவிடுவதால், அவை பெரும்பாலும் அக்கருவிக்கு எட்டுவதில்லை. கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் உணரியை நுண்ணோக்கியின் அடியில் வைத்தபோதுதான் கண்டேன்: தேன் நிறத்தில், ஒளி ஊடுருவும் ஒரு துணுக்கு; அதன் ஓரத்தில் இலை நரம்புபோல் ஒரு கோடு. கைப்பேசிக் கேமராவின் ஒரு படப்புள்ளி ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் அகலமே இருக்கும். இருபது மைக்ரோமீட்டர் நீள அகலமுள்ள ஓர் ஈசல் இறக்கைத் துணுக்கு சுமார் நானூறு புள்ளிகளை மறைத்துவிடும். உதிரிபாகச் சுருள்களைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறையின் நிலைமின்சாரத்தில் ஒட்டிக்கொண்டு, துடைத்தும் போகாமல், உறை பிரிக்கும் அறை வரை அவை வந்திருந்தன.

‘இரண்டு மடங்கு மருந்தடியுங்கள்’ என்பதே மேலிருந்து வந்த உத்தரவு. ஒப்பந்த நிறுவனத்தின் சார்பில் மருந்தடிக்க வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மேடம், மருந்து அடிச்சுப் பிரயோஜனம் இல்ல. அந்த லைட்ட மாத்துங்க, ஈசல் அதுக்குப் பின்னாலேயே போயிடும்.” மூன்று வாரங்களுக்கு முன்பே, மழைக்கு முன்னால், பதிவேட்டில் இதையே அவர் கோணல்மாணலான எழுத்தில் குறித்துவைத்திருந்தார். அந்தப் பக்கத்தின் அடியில் கடனே என்று கையெழுத்திட்டவள் நான்தான். அதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அவர் சொன்னதே பலித்தது. ஷட்டருக்கு மேலிருந்த விளக்கை எடுத்துவிட்டு, தள்ளி ஒரு கம்பத்தில் மஞ்சள் ஒளி விளக்கைப் பொருத்தி, அங்கிருந்து மேடைப் பக்கம் ஒளி விழச் செய்தோம். நீலமும் புற ஊதாவும் மிகுந்த வெள்ளொளி பூச்சிகளை இழுக்கும் அளவுக்கு மஞ்சள் ஒளி இழுப்பதில்லை. மழைக்குப் பிந்திய நாட்களில், அந்தி சாய்ந்து ஒன்றரை மணி நேரம் ஷட்டரைத் திறக்கக் கூடாது என்றும் விதி வைத்தோம். அடுத்த பருவத்தில் இறக்கைகள் கம்பத்தின் அடியில் கிடந்தன. மேடை சுத்தமாக இருந்தது.

மருந்தடிப்பின் மேல் எனக்குப் பகை ஏதுமில்லை. ஆனால் இத்தகைய ஆலைகளில் மருந்தே மாசாகிவிடும் என்பதை நிர்வாகங்கள் உணர வேண்டும். தெளிப்பு மருந்தின் கரைப்பான் ஆவியாகிக் காற்றோட்டக் குழாய்க்குள் போகிறது. செத்த பூச்சி இண்டு இடுக்கில் உலர்ந்து, நொறுங்கி, தூளாகிறது. ‘சிப்’ எனப்படும் மின்னணுச் சில்லுகளையே உருவாக்கும் ஆலைகளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. சிலிக்கனின் மின்கடத்தும் இயல்பை மாற்றுவதற்கென்றே மிக நுண்ணிய அளவில் சேர்க்கப்படும் தனிமங்களில் முக்கியமானவை பாஸ்பரஸும் போரானும். கட்டடம் கட்டும்போது கறையானுக்காக மண்ணில் ஊற்றும் குளோர்பைரிபாஸில் பாஸ்பரஸ் இருக்கிறது. கரப்பானுக்கு வீட்டில் தூவும் போரிக் பவுடரில் போரான் இருக்கிறது. காற்று வடிகட்டியின் ஒட்டுப்பசையிலிருந்து கசிந்த, பாஸ்பரஸ் அடங்கிய ஆர்கனோபாஸ்பேட் ஆவியே சிலிக்கன் தகடுகளைக் கெடுத்த அனுபவம் இத்தொழிலுக்கு உண்டு. குஜராத்தின் தோலேராவில் 2024 மார்ச்சில் சில்லு ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அத்தகைய ஆலைகளின் வாசலில், சாதாரண கிடங்குக்கு அடிக்கும் அதே மருந்துக் கேனோடு ஒருவரை அனுப்பிவைத்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூச்சியைப் பொசுக்கும் நீல விளக்குப் பொறியும் இங்கே உதவாது. பொசுங்கிய உடல் சிதறிக் காற்றில் கலந்துவிடும். ஒட்டும் அட்டை வைத்த பொறியே ஏற்றது. அதில் எத்தனை பூச்சி ஒட்டியிருக்கிறது என்பதைவிட, எந்தப் பூச்சி என்பதுதான் முக்கியம். குளியலறைச் சுவரில் காணும், குட்டி விட்டில் போன்ற சாக்கடை ஈ ஒட்டியிருந்தால் எங்கோ வடிகாலில் கசடு சேர்ந்திருக்கிறது. வெளிறிய புத்தகப்பேன் இருந்தால், பொய்க்கூரைக்கு மேலே நீர் கசிந்து பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் பூஞ்சணம்தான் அதற்கு இரை, ஈரத்தைப் போக்கினால் பூச்சியும் போய்விடும். சின்னக் கரப்பான் தென்பட்டால் வெளியிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் ஒரு முட்டைப்பையில் முப்பது, நாற்பது முட்டைகள் இருக்கும். அதைச் சுமந்துகொண்டே அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் பத்திரமாகப் பயணம் செய்யும். இதையெல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடக்கூடியவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். மருந்துக் கேனைத் தூக்கிக்கொண்டு வருபவர்களே அவர்கள்.

ஆனால் நான் பார்த்த ஒப்பந்தப் புள்ளிகளில் கேட்கப்பட்டதெல்லாம் மாதம் எத்தனை முறை மருந்தடிப்பு, ஒரு முறைக்கு என்ன விலை என்பவைதாம். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. தணிக்கைக்கு வருகிறவர்கள் கையெழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். குறிப்புப் பகுதியைப் படிப்பதில்லை. மருந்தடிப்பைக் குறைத்தால் காசும் குறையும் என்றால், மருந்து வேண்டாம் என்று எந்த ஒப்பந்ததாரர் சொல்வார்?

எனவே ஆலை நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒப்பந்தத்தில் மருந்தடிப்பின் எண்ணிக்கைக்குக் கூலி தருவதை விட்டு, பொறிகளைப் பார்த்து இனம் கண்டு காரணத்தை எழுதித் தருவதற்குக் கூலி தாருங்கள். அந்தக் குறிப்புக்கு ஒரு வாரத்துக்குள் பராமரிப்புப் பிரிவு எழுத்தில் பதில் தர வேண்டும் என்றும் அதிலேயே சேருங்கள். புதிய ஆலைக்கு வரைபடம் போடும்போதே, சரக்கு மேடை எந்தப் பக்கம், விளக்கு எங்கே, சுவரை ஒட்டிப் புல்தரையா சரளைக்கல்லா என்று அனுபவமுள்ள ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளரைக் கேளுங்கள். தொழிற்பூங்காக்களில் புதிதாகத் தெருவிளக்கு நடும்போது, சரக்கு வாயில்களுக்கு எதிரே வெள்ளொளியைத் தவிர்க்கச் சிப்காட் நிறுவனமும் ஆவன செய்யலாம். அடுத்த பருவமழை தொடங்குவதற்குள் செய்துவிடக்கூடிய வேலைதான் இது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீபெரும்புதூர்.