இரவு பத்து மணிக்கு அந்த ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சாப்பாட்டோடு மதுவும் விற்கும் ரெஸ்டோ பார்களுக்கு உரிமம் கொடுக்கும் மேசையில் இருப்பவர்களுக்கும், கொடுத்த பிறகு கண்காணிக்க வேண்டிய மேசையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த மேசையில் போய்க் கேட்டாலும், அது அடுத்த மேசையின் வேலை என்றுதான் பதில் வருகிறது. அதனால் தயவுசெய்து சேர்ந்தே படித்துவிடுங்கள்.

லாஸ்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கடையைப் பற்றித்தான். பெயர் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் மனுக்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. போன சனிக்கிழமை நடந்ததும் காதுக்கு வந்திருக்கும். இரவு பதினொன்றரை இருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் பொறுக்க மாட்டாமல் போய், "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா" என்று கேட்டார். வாசலில் நின்ற பையன், "லைசென்ஸ் இருக்கு பெரியவரே, போய்ப் படுங்க" என்றானாம். படுக்க முடியவில்லை என்று சொல்லத்தானே அவர் போனார்!

நான் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். புதுச்சேரிக்காரர்களுக்கு மதுக்கடை ஒன்றும் அதிசயமில்லை. சாராயக்கடை, கள்ளுக்கடை, ஒயின்ஷாப் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம், அவை பாட்டுக்கு இருந்தன, நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். குடிப்பவர்கள் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. கடையை இழுத்து மூடுங்கள் என்றும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் ஓடும் அந்த ஸ்பீக்கரை இரவு பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் வாடகைப் பலகை மாட்டினால் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதித்தான் மாட்டுவார்கள். பேச்சிலர் பையன்கள் வீடு கேட்டு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராத்திரியில் பாட்டு வைப்பார்கள், குடிப்பார்கள், நாலு பேர் வந்து போவார்கள் என்று காரணம் சொல்வார்கள். அதே தெருவில் ஒரு வீட்டைக் கடைக்கு விட்டாயிற்று. இப்போது நாலு பேர் இல்லை, நானூறு பேர் வந்து போகிறார்கள். பேச்சிலர்களிடம் நாங்கள் மன்னிப்புத்தான் கேட்க வேண்டும்.

சத்தம் என்று எழுதினால் உங்களுக்குப் பாட்டுச் சத்தம்தான் தோன்றும். பாட்டு எங்களுக்குக் கேட்பதே இல்லை. ஜன்னலைச் சாத்தினால் பாடுகிறவர் குரல் நின்றுவிடும், அந்த 'தும் தும்' மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்கின்றன. நடுவில் துணி வைத்துப் பார்த்தேன், டம்ளர் அடங்கியது. கட்டிலுக்கு என்ன வைப்பது? என் மாமியார் தலையணையை எடுத்துவிட்டுக் கையை மடித்து வைத்துப் படுக்கிறார், தலையணை வழியாக அதிர்கிறதாம். பெண் பன்னிரண்டாம் வகுப்பு. வெள்ளி, சனி இரவுகளில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறாள். சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் வயசுப்பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்புகிறோம். இதை எந்த மனுவில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை சத்தம் அளக்கும் மீட்டரோடு வந்தார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள்ளேயே சத்தம் பாதியாகிவிட்டது, அது எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் காட்டவில்லை என்றார்கள். காட்டாதுதான். அந்த மீட்டர் கணக்கிடுவது 'ஏ' வகை டெசிபல். அது அந்த 'தும் தும்' மாதிரியான தாழ்ந்த அதிர்வுகளைத் தள்ளுபடி செய்தே கணக்கெடுக்கும். 63 ஹெர்ட்ஸ் அதிர்வென்றால் ஏறக்குறைய 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். எங்கள் டம்ளரை ஆட்டுவது எதுவோ, அதைத்தான் அது கழித்துவிடுகிறது.

அதுவும் போகட்டும். மீட்டரே தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உங்களுக்குத் தெரியாததல்ல. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி வைக்க வேண்டுமானால் மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைக்க வேண்டும். எங்கள் தெருமுனைக் கடையின் 'அரங்கு' மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகை, மூன்று பக்கமும் திறந்தவெளி. பத்து மணிக்குமேல் அங்கே ஸ்பீக்கர் ஓடினாலே விதிமீறல்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு கைக்கடிகாரம் போதும்.

திருவிழாவுக்கென்று விதியில் சலுகை இருக்கிறது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை அரசு அனுமதிக்கலாம், வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல். வெள்ளியும் சனியும் மட்டும் கணக்குப் போட்டாலே வருஷத்துக்கு நூறு இரவுகளைத் தாண்டுகிறது. இத்தனை திருவிழா எந்தச் சாமிக்கு? ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எங்கள் அம்மன் கோயில் குழாயும் அலறத்தான் செய்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால், "போதும், நிறுத்துடா" என்றால் நிறுத்துவான். அவன் எங்கள் தெருப் பையன். இந்தக் கடையின் முதலாளி யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

மாலை ஆறு மணியானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறீர்கள். நல்ல விஷயம், நாங்களும் போய் நடக்கிறோம். ஒரு சாலை முழுவதையும் தினமும் தடுப்புப் போட்டு அமைதியாக்க உங்களால் முடிகிறது. வெளியூர்க்காரர்கள் காற்று வாங்க அமைதி, வரி கட்டுகிறவர்கள் தூங்கத் தகரக் கொட்டகையா? சுற்றுலா வேண்டும், வருமானம் வேண்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் மழை வந்தால் ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தெருவெல்லாம் தண்ணீர், ஃபெஞ்சல் புயலின்போது வீட்டுக்குள்ளிருந்து ஜனங்களை ராணுவம் வந்து மீட்க வேண்டியிருந்தது. வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அப்படியானால் இத்தனை பார்களிலிருந்து வரும் பணம் எந்த வாய்க்காலில் போகிறது? ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நம் ஊர் பெயர் 2017-லேயே வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை கோலம் போட வாசலுக்கு வந்தால், வாளித் தண்ணீரில் முதலில் கழுவ வேண்டியது யாரோ எடுத்த வாந்தி. இதுதான் போலிருக்கிறது எங்கள் பங்குக்கு வந்த ஸ்மார்ட்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலுக்குத் தனியாக மனு கொடுத்துக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தில் கேட்பது ஒன்றுதான், இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் ஒரு வாரம் தாங்கும், எங்களுக்கு அது பழகிவிட்டது. எழுத்தில் உத்தரவாகக் கொடுங்கள். மீறினால் என்ன நடவடிக்கை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தத் தெருவில் குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.

சந்தேகமிருந்தால் வரும் சனிக்கிழமை இரவு பத்தரைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஜீப்பில் வேண்டாம், சாதாரண உடையில், கடைக்குத் தகவல் சொல்லாமல் வாருங்கள். மீட்டர் கொண்டுவந்தால் அதில் 'சி' என்று ஒரு பித்தான் இருக்கும், தாழ்ந்த அதிர்வையும் சேர்த்துக் கணக்கெடுப்பது, அதையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பின்னறையில் மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். மெதுவாகப் பேசினாலும் பரவாயில்லை, அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தெருமுனையிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரி,
லாஸ்பேட்டை, புதுச்சேரி